கூடுகளின் கணக்கு

ஒரு நாட்டினர் தம் நாட்டை எத்துணை அறிந்திருக்கின்றனர் என்பதை அளக்கப் பல அளவுகோல்கள் உண்டு. தம் வீட்டுக் கூரையிலும் கொல்லையிலும் வயலிலும் உடன்வாழும் உயிர்களை அவர்கள் எவ்வளவு அறிவர் என்பதும் அவற்றுள் ஒன்றாகும். இக்கோலைக் கையிற்கொண்டு நம்மையே நாம் அளந்து பார்ப்போமாயின், பறவைகளைப் பற்றிய நம் அறிவில் வியக்கத்தக்கதொரு குறையைக் காண்போம். தொலைதேயத்தினின்று வரும் விருந்தினரைத் தலைதலையாய் எண்ணுகின்றோம். நம்மோடு குடியிருந்து, நம் மரங்களிலே மணவாழ்க்கை நடத்தி, நம் மண்ணிலே மக்களைப் பெறும் புள்ளினங்களின் இல்லங்களை எண்ணுவார் மிகச் சிலர். இக்குறையை நீக்கும் பணியை நம் கலாசாலை மேற்கொள்ளல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

குளிர்காலத்துக் கணக்குகள் இன்று நன்கு வேரூன்றிவிட்டன. ஆசிய நாடுகளில் நீர்ப்பறவைகளைத் தை மாதத்தில் எண்ணும் வழக்கம் 1987ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. தமிழ்நாட்டுப் பறவை அன்பர்கள் 2015 முதல் பொங்கல் விழா நாட்களிலே ‘பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு’ ஒன்றை நடத்தி வருகின்றனர். வனத்துறையினரும் மாநிலமெங்கும் ஒரே நாளில் நீர்ப்பறவைகளையும், பிறிதொரு நாளில் நிலப்பறவைகளையும் எண்ணுகின்றனர். விழுப்புரம் மாவட்டத்துக் கழுவேலி, 2021ஆம் ஆண்டில் 5,151 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்புடன் தமிழ்நாட்டின் 16ஆவது பறவைகள் சரணாலயமாயிற்று. 2024இல் உலகப் புகழ்பெற்ற ராம்சார் நிலங்களின் வரிசையிலும் இடம் பெற்றது. பூநாரையும் ஊசிவால் வாத்தும் உள்ளான் கூட்டங்களும் அங்கு வந்திறங்குவதைக் கண்டு எழுதிவைத்தோர் இல்லாதிருந்தால், அவ்வேரியின் பெருமையை அரசினர்க்கு எடுத்துரைத்தல் அரிதாயிருந்திருக்கும். ஆதலின், அவ்வன்பர்களின் உழைப்பை ஒருவாற்றானும் குறைத்துக் கூறுவது நம் நோக்கமன்று.

ஆயினும் பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் விருந்தினர் வடதிசை நோக்கிப் புறப்பட்டுவிடுகின்றனர். அவர்களோடு பைனாகுலர்களும் வீடு திரும்பிப் பெட்டிக்குள் உறங்குகின்றன. சித்திரையும் வைகாசியும் நம் முன்னோர் இளவேனில் எனப் பெயரிட்ட பருவம். இப்பருவத்திலேதான் நம் நிலத்துக்குரிய பறவைகளுட் பல கூடு கட்டி, முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு பொரிக்கின்றன. எண்ணத்தக்க பொழுது எதுவோ அப்பொழுதில் எண்ணுவார் இல்லை.

பறவைகள் கூடு கட்டுதல் என்றவுடனே நம் மனக்கண்முன் தோன்றுவது வேடந்தாங்கல். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் என்பாரிடம் அவ்வூரார் சென்று முறையிட்டு, ஏரிப் பறவைகளை எவரும் சுடலாகாது என்னும் உரிமைப் பத்திரம் பெற்ற வரலாறு யாவரும் போற்றத்தக்கது. எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாதலை அவ்வுழவர் கண்டிருந்தனர். ஆனால் வேடந்தாங்கற் கூடுகள் வடகிழக்குப் பருவமழையைத் தொடர்ந்து, ஏரி நிறைந்திருக்கும் காலத்துக் கூடுகள். நாரையும் கொக்கும் நீர்க்காகமும் நூற்றுக்கணக்கிலே கூடி, ஒரே தோப்பில் வெளிப்படையாகக் கட்டுபவை அவை. இளவேனிற் கூடுகளோ தனித்தவை, மறைந்தவை, ஓர் ஊரெங்கும் சிதறிக் கிடப்பவை. கரைமேல் நின்று ஒரு பார்வையில் கண்டுவிடத் தக்கன அல்ல. அதனாலேயே அவை கணக்கில் ஏறாது நின்றுவிட்டன.

எடுத்துக்காட்டாகப் பொம்மையார்பாளையத்தைக் கொள்வோம். விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்திலே, புதுவைக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த ஊர் இது. இவ்வூரிலே தோன்றிய பொம்மபுர ஆதீனத்தாரின் ஆளுகையில், திண்டிவனத்தை அடுத்த மயிலம் மலைக்கோயில் இருக்கின்றது. ஒரு பறவையின் பெயரையே தன் பெயராகக் கொண்ட மலைக்கும் இக்கடற்கரைக்கும் உள்ள உறவு இங்ஙனம் பழையது. இன்னும் பின்னோக்கிச் செல்வோமாயின், இப்பக்கமெல்லாம் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மானாடாகும். சிறுபாணாற்றுப்படையிற் கூறப்படும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்றும், கிடங்கில் திண்டிவனத்தின் ஒரு பகுதி என்றும் அறிஞர் கூறுவர். அப்பாட்டின்வழி பாணர் நடந்து சென்ற நிலத்திலே, இன்று நாம் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் நடக்கக் கேட்கின்றோம், வேறொன்றுமில்லை.

சித்திரைத் திங்களில் ஞாயிறு எழுமுன் இவ்வூரின் மேற்கேயுள்ள செம்மண் மேட்டில் நடக்கத் தொடங்குபவர் காணக்கூடியவற்றைச் சிறிது விரித்துரைப்போம். மழைநீர் பல ஆண்டுகள் அரித்தமையால் அம்மேட்டிலே ஆழ்ந்த பள்ளங்களும் ஓடைகளும் உண்டாகியிருக்கின்றன. செங்குத்தான அம்மண்சுவர்களைப் பார்த்து ‘வீணான நிலம்’ என்று நாம் சொல்லிவிடுகின்றோம். பஞ்சுருட்டானுக்கு அது வீணன்று. ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து அலகாலே குடைந்து, கை நீளத்துக்கும் மேற்பட்ட வளையமைத்து, அதன் முடிவிலே முட்டையிடும் அப்பறவைக்கு இத்தகைய சுவரினும் சிறந்த மாளிகை இல்லை. மார்பு வெளுத்த மீன்கொத்தியும் இவ்வாறே மண்சுவரைக் குடைந்து குடிபுகும் இயல்புடையது.

மேட்டின்மேல் ஏறினால் முந்திரித் தோப்பும் முட்புதரும் வெற்றுத் தரையும் மாறிமாறி வரும். வெற்றுத் தரையிலே ஆள்காட்டி இருக்கும். அது கூடு என்று ஒன்று கட்டுவதில்லை. கூழாங்கற்களுக்கிடையே சிறு குழியில், கல்லோ முட்டையோ என்று மயங்கத்தக்க நான்கு முட்டைகளை இடும். அடைகாத்தல் என்பது பிற பறவைகட்கு முட்டையைச் சூடாக்குதல். நண்பகல் வெயிலில் ஆள்காட்டிக்கோ முட்டையைக் குளிர்வித்தலே அடைகாத்தல். அது நீர்நிலைக்குப் பறந்து சென்று வயிற்றுச் சிறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் அமர்கின்றது. நீரில்லாத வேளையில் தன் உடலையே குடையாக விரித்து நிற்கின்றது. ஒரு தாய்க்கு இதனினும் மேலான தொண்டு யாது?

பனைகளின் அருகே சென்றால் வேறொரு குடும்பத்தைக் காணலாம். தொங்கும் ஓலையின் அடிப்புறத்தே தன் எச்சிலாலேயே இறகை ஒட்டிச் சிறு கிண்ணம் போன்ற கூடமைப்பது பனை உழவாரன். தலையிழந்து மொட்டையாய் நிற்கும் பனையின் பொந்திலே பனங்காடை முட்டையிடும். புள்ளி ஆந்தையும் கிளியும் மைனாவும் அத்தகைய பொந்துக்காகவே அதனோடு போரிடும். ஊருக்குள் வந்தால் காகம் வேம்பிலே சுள்ளி அடுக்கும். காகத்தின் கூட்டைக் கண்வைத்துக் குயில் கூவும்.

இக்குயிலைப்பற்றி ஒரு சொல். 1908 முதல் 1918 வரை புதுவையிலே வாழ்ந்த பாரதியார், அந்நகரை அடுத்த சோலையைக் களமாக வைத்துக் குயிற்பாட்டை இயற்றினார். அவர் பாடிய குயில் ஒரு பெண். நம் மரத்தில் இருந்து ஓங்கிக் கூவும் கரிய குயிலோ ஆண். பெண்குயில் பழுப்பு நிறத்தில் வெண்புள்ளி உடையதாய், ஓசை குன்றி, இலைகளுக்குள் பதுங்கித் திரியும். கவிஞர்க்கு அவ்வுரிமை உண்டு. காவியத்துக்கு அதனால் இழுக்கில்லை. ஆனால் தமிழ் பயிலும் நாம் இவ்விரண்டையும் அறிந்திருத்தல் வேண்டாவா? சித்திரையில் ஆண்குயில் ஓரிடத்தில் நாள்தோறும் கூவுமாயின், அருகே காகத்தின் கூடு ஒன்று இருத்தல் கூடும். அக்கூவலே கணக்கில் எழுதத்தக்க ஒரு சான்று.

கிழக்கே இறங்கினால் கடல். இக்கரையிலிருந்து வடக்கே மரக்காணம் வரை செல்வோர் கழிமுகத்தையும் உப்பளங்களையும் அடைவர். உப்பு விளையும் கோடைக்காலமே பவளக்கால் உள்ளானுக்கு மகப்பேற்றுக் காலம். பாத்திகளின் வரப்பும் வற்றிய கழியின் திட்டும் அது முட்டையிட விரும்பும் இடங்கள். உப்புக்கொத்திகளுள் ஒருவகையை ‘அனுமன் உப்புக்கொத்தி’ எனத் தனியினமாகவே 2023இல் ஆராய்ச்சியாளர் பிரித்துக் காட்டினர். தென்னிந்தியக் கரைகளிலும் இலங்கையிலும் வெறுமணலில் முட்டையிடுவது அது. கண்முன்னே ஓடித் திரிந்த பறவையொன்று நம் கடற்கரைக்கே உரியது என்பதை உலகம் அண்மையிலேதான் உணர்ந்தது என்றால், எண்ணி எழுதவேண்டியது இன்னும் எத்துணை எஞ்சியிருக்கும்!

இவற்றின் பெயர்களை ஊன்றி நோக்குமிடத்து மற்றொரு செய்தி புலனாகும். ஆளைக் கண்டதும் கூவி அறிவிப்பதால் ஆள்காட்டி. இலையைத் தைத்துக் கூடமைப்பதால் தையற்சிட்டு. தூங்கும் கூட்டை உடைமையால் தூக்கணாங்குருவி. பனையைச் சார்ந்து வாழ்வதால் பனங்காடை. இப்பெயர்களை இட்டவர் நூலகத்தில் இருந்து இட்டாரல்லர். கூட்டருகே நின்று, பொறுத்துப் பார்த்து, கண்டதைச் சொல்லாக்கியவர்கள் அவர்கள். சூலுற்ற பேடைக்கு மகப்பேற்று இடம் அமைக்கக் கரும்பின் பூவைக் கோதிச் செல்லும் ஆண்குருவியைக் குறுந்தொகை காட்டுகின்றது. அதனைப் பாடியவர் இளவேனிற் கூட்டை அறிந்தவர் என்பதில் ஐயமில்லை. சங்க இலக்கியத்துப் புள்ளினங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து நூல் எழுதிய பி. எல். சாமி அவர்கள் புதுவையில் அரசுப் பணியாற்றியவர். இலக்கியமும் இயற்கையும் இருவேறு துறைகள் அல்ல என்பதற்கு அவர் உழைப்பே போதிய சான்று. பனையின்றிப் பனங்காடை என்னும் சொல்லை மட்டும் அகராதியிற் காத்துவைப்போமாயின், நாம் காத்தது மொழியின் ஓட்டையேயன்றி உள்ளீட்டை அன்று.

‘பறவையை எண்ணினால் போதாதோ? கூட்டையும் எண்ண வேண்டுமோ?’ என்று வினவுவோர் உளர். போதாது என்பதே விடை. ஓர் ஊரில் பத்து ஆள்காட்டிகள் ஆண்டுதோறும் காணப்படலாம். அவற்றின் முட்டைகளெல்லாம் நாய்க்கும் காகத்துக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் இரையாகிக்கொண்டே இருந்தாலும், முதிர்ந்த பறவைகள் உயிரோடிருக்குமளவும் கணக்கில் பத்து என்றே எழுதப்படும். பிள்ளைகள் இல்லாத வீட்டை, பெரியோர் இருக்கின்றமையால், செழித்த வீடு என்று எண்ணி ஏமாறுவோம். அப்பெரியோர் மறைந்த பின்னரே வெறுமை தெரியும். அப்பொழுது செய்யத்தக்கது ஒன்றுமிராது.

இது வெறும் ஊகமன்று. இங்கிலாந்திலே புறா வளர்ப்போர், பைரி என்னும் வல்லூறு மிகுந்துவிட்டது என முறையிட்டதன்மேல், 1961இல் டெரிக் ராட்கிளிஃப் என்பாரின் பொறுப்பில் அதன் கூடுகளைக் கணக்கெடுத்தனர். மிகுந்ததாகக் கருதப்பட்ட பறவை விரைந்து அழிந்துகொண்டிருப்பது தெரிய வந்தது. பல கூடுகளில் முட்டைகள் தாயின் சுமை தாங்காமல் உடைந்து கிடந்தன. பூச்சிக்கொல்லி நஞ்சு உணவின்வழி ஏறிய காலத்தில் முட்டையோடு மெலிந்துபோயிற்று என்பதை 1967இல் அவர் வெளியிட்டார். நம் நாட்டிலும் இதனையொத்த நிகழ்ச்சி உண்டு. பரத்பூரை அடுத்த கேவலாதேவ் சரணாலயத்தில் 1980களில் 300க்கு மேற்பட்ட வெண்முதுகுக் கழுகு இணைகள் கூடு கட்டியிருந்தன. அவற்றை எண்ணி வைத்திருந்த விபு பிரகாஷ் 1990களில் மீண்டும் எண்ணியபோது பாதிக்கும் குறைவாகவே கண்டார். அந்நூற்றாண்டு முடிவதற்குள் அங்கே கூடுகள் அறவே மறைந்தன. கால்நடைக்கு இட்ட டைக்ளோஃபெனாக் என்னும் மருந்தே காரணம் எனப் பின்னர் விளங்கி, 2006இல் கால்நடைகட்கு அம்மருந்து தடுக்கப்பட்டது. முன்பு எண்ணி வைத்த கூட்டுக் கணக்கு ஒன்று இருந்தமையாலன்றோ வீழ்ச்சி வீழ்ச்சியென்று அறியப்பட்டது?

இனி நம் ஊருக்கு வருவோம். இங்கே கூடுகளுக்கு நேரும் இடர்கள் கண்கூடானவை. மொட்டைப் பனை பயனற்றது என்று வெட்டப்பட்டுச் செங்கற்சூளைக்குப் போகின்றது. பனைமரத்தை வெட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் வேளாண்மை வரவுசெலவுத் திட்டத்திலே தமிழ்நாட்டு அரசினர் அறிவித்தனர்; நன்று. ஆனால் பட்ட பனையும் ஒரு குடும்பத்தின் வீடு என்பதை ஊரார்க்கு யார் உரைப்பது? 2023ஆம் ஆண்டில் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலைபற்றிய அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்து, மறு ஆய்வுக்கு உரியன என்று அது குறித்த பறவைகளுள் பனங்காடையும் ஒன்று. கடற்கரையை நோக்கினால், வடக்கு நோக்கி நகரும் மணல், புதுவைத் துறைமுகத்துத் தடுப்புச் சுவர்களால் தடைப்பட்டமையின், அதற்கு வடபாலுள்ள குப்பங்களிலே கடல் ஊரை அரிக்கின்றது. வீட்டை இழக்கும் மீனவரின் துயரே முதலில் தீர்க்கத்தக்கது. எனினும், மணலே இல்லாத கரையில், மணலில் முட்டையிடும் பறவை எங்கே செல்லும் என்பதும் அத்துயரின் ஒரு பகுதியே.

நன்மையென்று நாம் கருதுவதும் எல்லார்க்கும் நன்மையாய் முடிவதில்லை. 1968இல் ஆரோவில் தோன்றிய காலத்தில் வறண்டு அரிப்புண்டு கிடந்த மேடு, மரம் நட்டு வளர்த்தோரின் விடாமுயற்சியால் இன்று நிழல் தரும் காடாக நிற்கின்றது. கிளையிற் கூடு கட்டுவனவற்றிற்கு அது பெருஞ்செல்வம். ஆனால் வானம்பாடி, கௌதாரி, ஆள்காட்டி முதலியன வெளியை நாடுபவை. வெற்றுத் தரையில் முட்டையிடுபவை. வெளிநிலத்துப் பறவைகளே நாடெங்கும் மிகுதியாகக் குறைந்து வருவதாக மேற்கூறிய அறிக்கையும் தெரிவிக்கின்றது. எங்கே மரம் நடவேண்டும், எங்கே தரையைத் தரையாகவே விடவேண்டும் என்பதைத் துணிவதற்குக் கூடுகளின் கணக்கைக் காட்டிலும் சிறந்த வழிகாட்டி இல்லை.

இக்கருத்துக்கு எதிராகச் சொல்லத்தக்கவை மூன்று. அவற்றுள் வலியது முதலில் வருவது: கூட்டைத் தேடிச் செல்வதே கூட்டுக்குக் கேடாகாதோ என்பது. உண்மை, இதனை எளிதாகத் தள்ளிவிடலாகாது. நண்பகலில் தாய்ப்பறவையைச் சில நிமிடம் விலக்கி வைத்தாலும் திறந்த தரையிலுள்ள முட்டை வெந்துவிடும். மனிதன் குனிந்து பார்க்கும் இடத்தைக் காகம் மரத்திலிருந்து குறித்துக்கொள்ளும். காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்தவருள் ஒருவராகிய ஹியூம், இந்தியப் பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும்பற்றிப் பெருநூல் எழுதியவர். அவர் காலத்து அறிஞர் முட்டைகளை எடுத்துச் சேர்த்தே அறிவைச் சேர்த்தனர். அவ்வழி இன்று நமக்கு ஆகாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், முட்டையைச் சிதைப்பதையும் கூட்டைக் குலைப்பதையும் வேட்டையாடுதலோடு ஒன்றாகவே வைத்துள்ளது. ஆனால் கூட்டைக் கணக்கிடக் கூட்டைத் தொடவேண்டுவதில்லை; அணுகவும் வேண்டுவதில்லை. அலகில் நார் ஏந்திச் செல்லும் பறவை கூடு கட்டுகின்றது. புழுவை விழுங்காமல் ஏந்திச் செல்லும் பறவை குஞ்சை வளர்க்கின்றது. இறகொடிந்தது போல் நடித்து நம்மை அப்பால் இழுக்கும் பறவையின் காலடியருகே குஞ்சு இருக்கின்றது. தொலைவில் நின்று இவற்றை எழுதிக்கொண்டு விலகுவதே முறை. கூட்டின் படம் எடுத்தலும், கூடுள்ள இடத்தை ஊரறியப் பரப்புதலும் அறவே விலக்கத்தக்கன.

இரண்டாவது: இது வனத்துறையின் வேலை, நம் வேலையன்று என்பது. சரணாலயத்தின் எல்லைக்குள் அது பொருந்தும். இளவேனிற் கூடுகளோ பெரும்பாலும் சரணாலயத்துக்கு வெளியே, சாலையோரப் பனையிலும் கோயிற் கோபுரத்திலும் பள்ளிக்கூடத்து வேம்பிலும் இருக்கின்றன. எத்துறையாலும் ஒவ்வொரு தெருவுக்கும் ஓர் அலுவலரை அனுப்ப இயலாது.

மூன்றாவது: கோடை, விடுமுறைக் காலம்; கலாசாலை மூடப்பட்டிருக்கும்; மாணாக்கர் சிதறிவிடுவர் என்பது. இதனைத் தடையென்று கருதுவோர் சற்றே சிந்திக்க வேண்டும். இத்துணை மாணாக்கர் கூடு கட்டும் பருவத்திலே தத்தம் ஊர்களுக்குச் சென்று இரண்டு திங்கள் தங்குவதைப் போன்றதொரு வாய்ப்பை எந்த ஆராய்ச்சிக் கழகம் பெற்றிருக்கின்றது? திண்டிவனத்தார் திண்டிவனத்திலும், மரக்காணத்தார் மரக்காணத்திலும், பொம்மையார்பாளையத்தார் தம் ஊரிலும் இருப்பர். அன்றியும், நம் பழைய மாணவர் பலர் சிற்றூர்களிலே ஆசிரியராகவும் போதகராகவும் பணிபுரிகின்றனர். சிதறுதலே இவ்வேலைக்கு வேண்டிய வலிமை.

முறையும் கடினமானதன்று. வட அமெரிக்காவிலே 1966 முதல், கூடு கட்டும் பருவத்தில், குறித்த பாதையொன்றில் 50 இடங்களில் நின்று, ஒவ்வோரிடத்தும் 3 நிமிடம் கண்டதையும் கேட்டதையும் எழுதுகின்றனர். பிரித்தானியாவில் 1994 முதல் ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தை ஒரு பருவத்தில் இருமுறை நடந்து பார்க்கின்றனர். அண்டை நாடாகிய கேரளத்திலோ 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கு மேற்பட்ட தொண்டர் சேர்ந்து மாநிலம் முழுமைக்கும் பறவை வரைபடம் ஆக்கினர். நமக்கு அத்துணைப் பெரிய ஏற்பாடு தொடக்கத்தில் வேண்டா. ஒவ்வொருவரும் தம் ஊரில் ஒரு மணிநேரத்தில் நடந்து முடிக்கத்தக்க ஒரு பாதையைத் தெரிந்துகொள்க. பங்குனியின் இறுதியில் ஒருமுறை, சித்திரையின் நடுவில் ஒருமுறை, வைகாசியில் ஒருமுறை, காலை 6 மணிக்கு அதே பாதையில் நடக்க. கண்ட பறவையின் பெயரை எழுதி, அதன் எதிரே மூன்றில் ஒன்றைக் குறிக்க: உரிய இடத்தில் காணப்பட்டதாயின் ‘கூடும்’, இணையாகத் திரிந்தோ இடத்துக்காகச் சண்டையிட்டோ இருந்ததாயின் ‘பெரும்பாலும்’, நார், இரை, குஞ்சு, அடைகாத்தல் இவற்றுள் ஒன்று கண்டதாயின் ‘உறுதி’. ஊரில் வழங்கும் பெயரையும் தவறாது எழுதுக. ஒரே பறவைக்கு மீனவர் ஒரு பெயரும் உழவர் ஒரு பெயரும் உப்பளத் தொழிலாளர் ஒரு பெயரும் வழங்குதல் கூடும். விலங்கியல் மாணாக்கர் பறவையைச் சரிபார்ப்பர். தமிழ் மாணாக்கராகிய நாம் பெயர்களைத் திரட்டுவோம். ஏடுகள் யாவும் ஆடியில் கலாசாலை நூலகத்தில் ஒன்றாகக் கட்டி வைக்கப்படுக. முதலாண்டில் அதன் பயன் சிறிதாகவே தோன்றும். பத்தாம் ஆண்டில் அதைப் புரட்டுபவர்க்கு அது ஒரு நாட்டின் குடிக்கணக்காய் விளங்கும்.

வேலையில்லாதிருந்த காலத்தில் 1930இல் பம்பாய்க்கருகே கிகிம் என்னும் கடற்கரை ஊரிலே தங்கிய சாலிம் அலி, வீட்டருகே இருந்த தூக்கணாங்குருவிக் கூடுகளை நாள்தோறும் நோக்கி, ஓர் ஆண்பறவை ஒன்றன்பின் ஒன்றாகப் பல கூடுகளைக் கட்டி, பல பேடைகளோடு இல்லறம் நடத்துவதைக் கண்டறிந்தார். அதுவரை பல்லாயிரவர் பார்த்த கூடுகளே அவை. நாள்தோறும் பொறுமையாக ஒருவர் பார்த்ததே வேறுபாடு.

கிறிஸ்தவராகிய நமக்கு இதில் மற்றொரு கடமையும் உண்டு. வழியிலே பறவைக் கூட்டைக் காண்பவன், குஞ்சுகளின் மேலோ முட்டைகளின் மேலோ அமர்ந்திருக்கும் தாயைப் பிடிக்கலாகாது என்று உபாகமத்தின் 22ஆம் அதிகாரம் விதிக்கின்றது. கூடு ஒன்று சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியது என்று அத்துணைப் பழங்காலத்திலேயே உரைத்த வேதம் நம்முடையது. கர்த்தருடைய பீடத்தண்டை குருவிக்கும் தகைவிலானுக்கும் இடம் உண்டு என்று 84ஆம் சங்கீதக்காரன் மகிழ்கின்றான். நம் ஆண்டவரும் கவலைப்படுவோரை ஆகாயத்துப் பறவைகளை நோக்கும்படியே ஏவினார். நோக்காமலே அவ்வசனத்தை மேடைகளில் எடுத்தாளுகின்றோம்.

ஆதலின் நண்பர்காள், வருகின்ற பங்குனியில் பெட்டி கட்டும்போது ஒரு சிறு ஏட்டையும் எழுதுகோலையும் உடன் வைத்துக்கொள்வீராக. ஆசிரியப் பெருமக்கள் அவ்வேடுகளைப் பெற்றுக் காக்கும் பொறுப்பை ஏற்பாராக. பழைய மாணவர் தம் ஊர்ப் பனைகளின் நிலையை எழுதி அனுப்புவாராக. கழுவேலியின் விருந்தினரைத் தையிலே மற்றவர் எண்ணட்டும். நம்மோடு வெயிலைச் சுமக்கும் குடியினரின் வீடுகளைச் சித்திரையிலே நாம் எண்ணுவோம்.